பட்டம், பருந்து, டிரோன்: ஒரு வட்டத்தின் வரலாறு

ஆபீசில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அந்த தைரியத்தில் ரொம்ப நாளா டிராஃப்டில் தூங்கிக்கிட்டிருந்த இந்தப் பதிவைத் தூசு தட்டி எடுத்தாச்சு. வரலாற்றுப் பதிவுதான் மக்களே, ஆனா ஆரம்பம் மட்டும் சொந்தக் கதை. கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்கோங்க.

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம் சூடா நடந்துட்டு இருந்த நேரம். லீவுக்கு ஆம்பூர் போயிருந்தேன். என் பெரியப்பா முப்பத்தைந்து வருஷம் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் மொட்டை மாடியில் அவரை உட்கார வெச்சு, என்கிட்ட இருக்கிற 249 கிராம் டிரோனைக் கிளப்பி பாலாற்றுப் பக்கம் அனுப்பினேன். மொபைல் திரையில் வெறும் மணலும் முள்ளுச் செடியுமா விரிஞ்சதைப் பார்த்துட்டு, "இன்னாடா இது, ஆறு இவ்ளோ அகலமா கீது?"ன்னு ஆச்சரியப்பட்டார். அறுபது வருஷமா அந்த ஆத்தங்கரையில் இருக்கிற மனுஷன். மேலே இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்பதான் டப டபன்னு சத்தம். தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர், தாழ்வா வருது. ஏதோ ஒரு தலைவர் பிரச்சாரத்துக்கு வர்றாராம். பக்கத்து மைதானத்தில் தற்காலிகமா ஹெலிபேட் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியாது. கை நடுங்கிருச்சு. "வீட்டுக்குத் திரும்பு" பொத்தானை அமுக்கினேன்.

இங்கேதான் நான் செஞ்ச முட்டாள்தனம். அந்தப் பொத்தானை அமுக்கினா டிரோன் நேரா வீட்டுக்கு வராது. முதல்ல நாம முன்கூட்டியே குறிச்சு வெச்ச உயரத்துக்கு ஏறும், அப்புறம்தான் திரும்பும். மரம், செல்போன் கோபுரம், டேனரி புகைபோக்கி எதுலயும் மோதக்கூடாதுன்னு நான் 100 மீட்டர் வெச்சிருந்தேன். ஆக, நாப்பது மீட்டர்ல சமர்த்தா பறந்துட்டு இருந்த டிரோன், ஹெலிகாப்டர் வர்ற நேரம் பார்த்து விறுவிறுன்னு மேலே ஏற ஆரம்பிச்சது. ரத்து பொத்தானைத் தேடி அமுக்கி, கைப்பிடியைக் கீழே இழுத்துப் பிடிச்சு, ஆத்து மணல்லயே இறக்கினேன். ஹெலிகாப்டர் நல்ல தூரத்தில்தான் போச்சு, ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. முள்ளுக்காட்டில் டார்ச் அடிச்சு டிரோனைத் தேடினது தனிக் கதை.

அந்த ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. விமானம் இறங்குற இடத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ள இதெல்லாம் கூடாது"ன்னு சொல்ற பழக்கம் எப்ப வந்துச்சு? அந்த வட்டம் ஏன் ஒரு வருஷம் 3 கிலோமீட்டர், இன்னொரு வருஷம் 45, அப்புறம் 12ன்னு மாறிட்டே இருக்கு? நம்ம வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக்கு அதுல என்ன வேலை?

பட்டமும் விமானமே

1910ல் சென்னையில் டி ஏஞ்செலிஸ் என்ற ஹோட்டல்காரர், சிம்ப்சன் கம்பெனியில் செய்ய வெச்ச விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு தீவுத்திடலில் கூட்டத்துக்கு முன்னால் பறந்து காட்டினார். அப்ப நம்ம ஊரில் வான் சட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. அடுத்த வருஷமே, 1911ல், ஆகாயக் கப்பல்களுக்குன்னு ஒரு சட்டம் வந்துருச்சு. வெள்ளைக்காரன் ஆட்சியில் பறக்குறதுக்கு முன்னாடி பேப்பர் பறக்கும்.

அதுக்கப்புறம் வந்த 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம்தான் தொண்ணூறு வருஷம் ஓடிச்சு. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம் வந்தது. 1934 சட்டத்தில் 'விமானம்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தைப் படிச்சா சிரிப்பு வரும். காற்றின் எதிர்வினையால் தாங்கி நிற்கும் எந்த இயந்திரமும் விமானம். பலூன், கிளைடர், பட்டம் எல்லாம் அதில் அடக்கம். ஆமாங்க, பட்டம்! சின்ன வயசுல ஆம்பூர் மாடியில் நான் விட்ட நியூஸ் பேப்பர் காத்தாடிக்கும் சட்டப்படி அந்த அந்தஸ்து.

சிரிச்சு முடிச்சப்புறம் யோசிச்சா, அந்த வரியை எழுதின ஆள் விவரமானவர்னு தெரியும். ஓட்டுறவன் உள்ளே உட்கார்ந்திருக்கானா, கீழே நின்னு நூலைப் பிடிச்சிருக்கானா என்பது வானத்துக்கு முக்கியமில்லை. அங்கே ஒரு பொருள் இருக்கு, இன்னொருத்தன் உயிரோட அந்த வழியா வர்றான். டிரோன் பிறக்கிறதுக்கு எழுபது எண்பது வருஷம் முன்னாடியே அதுக்கான சொல் சட்டத்தில் தயாரா இருந்திருக்கு.

தோலுக்கும் ஒரு வட்டம்

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம். 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 91ஆம் விதின்னு ஒண்ணு உண்டு. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அனுமதி இல்லாமல் விலங்குகளை வெட்டக்கூடாது, தோலுரிக்கக்கூடாது, பறவைகளை இழுக்கும் கழிவைக் கொட்டக்கூடாது. இறைச்சிக் கடை, மீன் கடை, எலும்பு ஆலை எல்லாம் அதில் பேர் சொல்லியே வருது. டேனரி என்ற சொல் இல்லை. ஆனா டேனரிக்குள் போய் வந்தவங்களுக்குத் தெரியும்: பச்சைத் தோலின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற சதையை மெஷினில் சுரண்டி எடுப்பாங்க. அந்தக் கழிவு வெளியே கிடந்தா பருந்தும் காக்காயும் எப்படி வட்டம் போடும்னு பெரியப்பாவைக் கேட்டா ஒரு மணி நேரம் சொல்வார்.

காரணம் எளிது. கழிவு இருந்தா பருந்து வரும். பருந்து இருந்தா என்ஜினுக்குள் போகும். பருந்துக்கு விதி படிக்கத் தெரியாது, அதனால அதுக்குச் சோறு போடுறவனைப் பிடி. டிரோன் வர்றதுக்கு முன்னாடி விமான நிலைய வட்டத்தின் எதிரி பருந்துதான்.

இந்த இரண்டு உலகமும் உரசிக்கிற இடம் ஒண்ணு சென்னையில் இருக்கு. குரோம்பேட்டை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பேர் அது. குரோம் உப்பில் தோல் பதனிட்ட ஊர். அதை ஒட்டியே மீனம்பாக்கம் விமான நிலையம். அதே குரோம்பேட்டையில் 1949ல் தொடங்கின எம்.ஐ.டி. கல்லூரியிலிருந்துதான் பின்னாளில் தக்ஷா டிரோன் குழு வந்தது. நடிகர் அஜித் ஆலோசகரா இருந்து, 2018ல் ஆஸ்திரேலியா போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினாங்களே, அவங்களேதான். தோல், விமானம், டிரோன் மூணும் ஒரே பேட்டையில். இதைக் கண்டுபிடிச்சப்ப ராத்திரி ரெண்டு மணி. எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை!

மூணு, அஞ்சு, நாப்பத்தஞ்சு, பன்னெண்டு

2014 மே மாசம் மும்பையில் ஒரு பீட்சா கடை டிரோனில் பீட்சா அனுப்பிக் காட்டினது ஞாபகம் இருக்கா? நாடே சிரிச்சு ரசிச்சது. போலீஸ் ரசிக்கலை. அதே வருஷம் அக்டோபர் 7ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் அறிவிப்பு போட்டது: விதிமுறை வரும்வரை பொதுமக்கள் யாரும் டிரோன் பறக்கவிடக்கூடாது. வட்டமெல்லாம் இல்லை, மொத்த இந்தியாவும் ஒரே சிவப்பு. கல்யாண வீட்டில் டிரோன் கேமரா மட்டும் வழக்கம்போலப் பறந்துட்டுதான் இருந்தது.

விதிமுறை வர நாலு வருஷம் ஆச்சு. 2018 ஆகஸ்டில் வெளியாகி டிசம்பர் 1ல் அமலுக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகர விமான நிலையங்களின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர், மற்ற சிவில், தனியார், ராணுவ விமானத்தளங்களிலிருந்து 3 கிலோமீட்டர் தடை. அதோட "அனுமதி இல்லையேல் எழும்பாது"ன்னு ஒரு கொள்கை. டிரோனுக்குள்ளேயே மென்பொருள் பூட்டு. சர்வர் சரின்னு சொன்னாதான் விசிறி சுத்தும். பொட்டி தட்டுறவன் என்ற முறையில் எனக்கு அந்த யோசனை பிடிச்சிருந்தது. நடைமுறையில் அதுக்கு ஏத்த டிரோன்கள்தான் சந்தையில் அரிதா இருந்தது.

அமலுக்கு வந்து மூணு வாரம்கூட ஆகலை, லண்டன் கேட்விக் விமான நிலையம் டிரோன் பயத்தில் மூடப்பட்டது. 2018 டிசம்பர் 19 முதல் 21 வரை, கிறிஸ்துமஸ் கூட்டத்தில், சுமார் ஆயிரம் விமானங்கள், ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பயணிகள் பாதிப்பு. யார் விட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியலை. பிடிச்ச தம்பதியையும் சம்பந்தமில்லைன்னு விட்டுட்டாங்க. அதுவரை பிரிட்டனில் 1 கிலோமீட்டரா இருந்த வட்டம் 2019 மார்ச்சில் சுமார் 5 கிலோமீட்டர் ஆச்சு. நம்ம நாட்டிலும் அதே கதை உண்டு: 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறக்குதுன்னு விமானங்களை நிறுத்தி, தேடிப் பார்க்க ரபேல் போர் விமானங்களை அனுப்பினாங்க.

இந்தியாவில் 2021 ஒரு விசித்திரமான வருஷம். மார்ச் 12ல் ஒரு முழு விதித்தொகுப்பு வந்தது; படிவமே 25. ஜூன் 27 அதிகாலை ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் மூலம் குண்டு போட்டாங்க. இனிமே அவ்வளவுதான், விளையாட்டு டிரோனுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்னு எல்லாரும் நினைச்சோம். நடந்தது நேர் எதிர். ஆகஸ்ட் 25ல் வந்த டிரோன் விதிகள் படிவத்தை 5 ஆக்கி, 72 வகைக் கட்டணத்தை 4 ஆக்கி, விமான நிலையத்தைச் சுத்தியிருந்த 45 கிலோமீட்டர் மஞ்சள் வட்டத்தை 12 ஆகக் குறைச்சது. செப்டம்பர் 24ல் வரைபடமும் வெளியாச்சு. சுருக்கமா:

- விமான நிலைய எல்லையிலிருந்து 5 கி.மீ. வரை சிவப்பு. மத்திய அரசு அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.
- 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள். அந்த வான்வெளியைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேணும். அது விமான நிலைய ஆணையமா, விமானப்படையா, கடற்படையா என்பது இடத்தைப் பொறுத்தது.
- 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழே பச்சை, மேலே மஞ்சள்.
- அதுக்கு வெளியே, வேற தடை இல்லாத இடத்தில், 400 அடி வரை பச்சை. அனுமதி தேவையில்லை.

மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம்மை மாதிரி பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுறவங்களுக்கு 2 கிலோ வரை ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். ஆனா சான்றிதழ் வேண்டாம்னா வட்டமும் வேண்டாம்னு அர்த்தமில்லை.

அஞ்சு கிலோமீட்டர்ங்கிற எண்ணை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பெரிய விமானங்கள் வழக்கமா 3 டிகிரி சரிவில் இறங்கும். ஓடுதளத்துக்கு 8 கி.மீ. முன்னால் அதன் உயரம் சுமார் 420 மீட்டர். 5 கி.மீ.யில் சுமார் 260. ஒரு கி.மீ.யில் வெறும் 52 மீட்டர். என் டிரோன் பாலாத்து மேலே பறந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வட்டம் சும்மா போடலை.

சரி, ஒரு கிலோ பொம்மை விமானத்தை என்ன செஞ்சிரும்? 2018ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன விமானத்தின் இறக்கை மேல் சுமார் 950 கிராம் டிரோனைச் சுட்டுப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட அதே எடையுள்ள ஜெலட்டின் 'பறவை'யையும் சுட்டாங்க. பறவை இறக்கையின் முன் தகட்டை அதிகம் நசுக்கியது. டிரோனோ உள்ளே ஊடுருவி இறக்கையின் முதுகெலும்பான சட்டத்தையே சேதப்படுத்தியது. அந்த வேகம் நடைமுறையில் வராதுன்னு டிரோன் தயாரிப்பாளர் தரப்பில் சண்டை போட்டாங்க, அது வேற விஷயம். பருந்து சதை. டிரோன் மோட்டாரும் பேட்டரியும்.

நம்ம ஊர் வட்டங்கள்

வேலூர் பக்கம் விமானம் எங்கேங்க இருக்குன்னு கேட்பவர்களுக்கு: அரக்கோணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம், 1992 மார்ச் 11ல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளமா ஆச்சு. டி.யூ.142 என்ற ராட்சத ரஷ்ய விமானங்கள் 2017 வரை இங்கிருந்து பறந்தன. 2013 முதல் பி-8ஐ. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான். 2019ல் மாவட்டம் பிரிஞ்சப்புறம் அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போச்சு.

அரக்கோணத்தில் காம்பஸ் முள்ளைக் குத்தி 45 கி.மீ. வட்டம் போட்டுப் பாருங்க. ரயில் தடத்திலேயே வாலாஜா ரோடு முப்பத்தாறு கிலோமீட்டர்தான். ராணிப்பேட்டை டேனரி கூரையெல்லாம் மஞ்சளுக்குள் வந்துரும். 12 கி.மீ. போட்டா அவை வெளியே. ஒரு எண் மாறினதில் ஒரு தொழில் நகரமே பச்சையாகுது. காட்பாடியும் ஆம்பூரும் எப்பவுமே அந்த வட்டத்துக்கு வெளியேதான்.

இன்னொரு முள் வேலூர் அப்துல்லாபுரத்தில். சென்னை பறக்கும் கழகத்துப் பயிற்சி விமானங்கள் வந்து போன சின்ன ஓடுதளம் அது. பிறகு உடான் திட்டத்தில் சேர்த்தாங்க, வேலையும் நடந்தது. ஆனா 2024 முடியும்வரை வழக்கமான பயணிகள் விமானம் ஒண்ணும் வரலை. 12 கி.மீ. வட்டத்தை 'செயல்பாட்டில் உள்ள விமான நிலையம்' என்ற சொல்லில்தான் விதி கட்டி வெச்சிருக்கு. அப்துல்லாபுரம் அந்தச் சொல்லுக்குள் வர்ற நாளில் வேலூர் கோட்டை உட்பட நகரத்தின் பெரும்பகுதி வட்டத்துக்குள் வந்துரும். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் இப்பவே தனி அனுமதி வேணும் என்பது வேற. நேத்து பச்சையா இருந்த மாடி நாளைக்கு மஞ்சளாகும். மாடி அங்கேயேதான் இருக்கும்.

மூணாவது முள்தான் என்னைத் தூங்கவிடாதது. அது நகர்ந்துகிட்டே இருக்கும். தற்காலிக ஹெலிபேட்.

2021 விதிகளில் இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமா அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைதான். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அறிவிச்சு வரைபடத்தில் காட்டணும். பறக்கவிடுறவன் ஒவ்வொரு தடவையும் கிளப்புறதுக்கு முன்னாடி அங்கே பார்த்தே ஆகணும். நான் டிரோன் வாங்கின புதுசுல ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஆம்பூர் பச்சை. சந்தோஷம். அதோட சரி.

இதே தப்பைப் பெரிய அளவில் செஞ்ச ஒருத்தர் அமெரிக்காவில் உண்டு. 2017 செப்டம்பர் 21, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் பக்கம், ஐ.நா. கூட்டத்துக்காகத் தற்காலிகத் தடை. பொழுதுபோக்குக்காரர் ஒருத்தர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு, நாலு கிலோமீட்டருக்கு, டிரோனை அனுப்பியிருந்தார். அது ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் மோதி விசிறி இறக்கையைச் சேதப்படுத்தியது. ஹெலிகாப்டர் பத்திரமா இறங்கிடுச்சு. விசாரணைக்காரங்க தேடி வந்து கேட்கும்வரை தன் டிரோன் மோதினதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. தடை இருந்ததும் தெரியாது. விசாரணை அறிக்கையைப் படிக்கிறப்ப என் மொட்டை மாடிதான் கண்ணில் வந்தது.

விமானத்துக்கு ஓடுதளம்னு ஒண்ணு இருக்கு, வட்டத்துக்கு மையம் நிலையா நிக்கும். ஹெலிகாப்டர் எங்கே வேணா இறங்கும். பள்ளி மைதானம், வெள்ளத்தில் தப்பிச்ச ஒரு துண்டு ரோடு. 2021 நவம்பர் மாதிரி இன்னொரு தடவை பாலாத்தில் வெள்ளம் வந்தா, அதைப் படமெடுக்க நாம டிரோனைக் கிளப்புற அதே நேரத்தில் ஆளைத் தூக்க ஹெலிகாப்டர் வரலாம். அப்ப எந்த வரைபடமும் சிவப்பாகி இருக்காது. அதுக்கும் விதியில் ஒரு வரி இருக்கு: மனிதர் ஏறிய விமானத்துக்கே முதல் வழி, டிரோன் எப்போதும் விலகி நிற்கணும். இந்த வரிக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. மத்த எண்ணெல்லாம் பயத்துக்கும் வியாபாரத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கியிருக்கு, இனியும் இறங்கும். 2025ல் டிரோனுக்குன்னே ஒரு புது மசோதா வரைவையும் கருத்துக் கேட்க வெளியிட்டாங்க. எண் மாறலாம், ஆனா மேலே வர்றவங்களுக்கு நாம வழி விடணும்ங்கிறது மாறப்போறதில்லை.

இப்ப நான் செய்றது: ஒவ்வொரு தடவையும் வரைபடம் பார்க்கிறேன். "வீட்டுக்குத் திரும்பு" உயரத்தைச் சுத்தியிருக்கிற மரத்துக்குத் தக்க குறைச்சு வெச்சிருக்கேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா அந்தப் பொத்தானைத் தொடுறதில்லை, இருக்கிற இடத்திலேயே கீழே இறக்கிடுறேன். டிரோன் போனா போகட்டும். பெரியப்பாவுக்குச் சத்தம் பார்க்கிற வேலை. காது கொஞ்சம் மந்தம்னாலும் என்னைவிட முன்னாடி கேட்டுடுறார். டேனரி மெஷின் சத்தத்தில் வேலை பார்த்த காது, எந்தச் சத்தம் புதுசுன்னு தெரியுமாம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பறக்கவிடுறதுக்கு முன்னாடி அன்றைய விதியையும் வரைபடத்தையும் நீங்களே பார்த்துக்கோங்க. அரக்கோணம் பக்கம் வளர்ந்த பதிவர்கள் யாராவது இருந்தா, ராஜாளி வந்த புதுசுல பட்டம் விட்ட கதை இருந்தாலும் பின்னூட்டத்தில் சொல்லுங்க. அந்தக் காத்தாடிகளும் சட்டப்படி விமானம்தான், மறந்துடாதீங்க.